சங்கத்துக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால்

கம்பம் பள்ளத்தாக்கில் முதற்போகச் சாகுபடிக்காகப் பெரியாற்று நீர் திறந்துவிடப்படும் ஜூன் மாதம், அவ்வட்டாரத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் அலுவல் மிகுந்த மாதமாகும். லோயர் காம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை பரந்து கிடக்கும் 14,707 ஏக்கர் இருபோக நன்செய்க்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விதையும் உரமும் கூலிப் பணமும் தேவைப்படுகின்றன. அச்சமயம் சங்கத்தின் வாசலுக்கு வந்து நிற்கும் விவசாயிக்கு, "சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்ற விடை கிடைக்குமாயின், அவருக்கு நேரும் நஷ்டம் ஒரு நாள் பஸ் கட்டணம் மட்டுமன்று. நடவுக்குச் சொல்லி வைத்திருந்த ஆட்கள் வேறொருவர் வயலுக்குப் போய்விடுவார்கள். கடன் பெற வந்தவர் நிலை இதுவென்றால், கடனைத் திருப்பிச் செலுத்த வந்தவர் நிலை இன்னும் கவலைக்குரியது. தவணை தவறாமல் செலுத்தும் அங்கத்தினருக்குப் பயிர்க் கடனில் வட்டி இல்லை. கெடு தாண்டினால் அச்சலுகை போய்விடும். கெடு முடியும் நாளன்று பணத்துடன் வந்த ஒருவரைக் கம்ப்யூட்டரின் பெயரால் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே, திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தோன்றியது. அன்று தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு நாள்வழியும் பேரேடும் ரொக்கப் பெட்டியுமே சங்கங்களின் உடைமைகளாக இருந்தன. பின்னர்ப் பல சங்கங்கள் வெவ்வேறு மென்பொருள்களில் தத்தம் கணக்குகளை எழுதலாயின. 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்கச் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் ஒரே பொது மென்பொருளின் கீழ்க் கொண்டுவரும் திட்டத்துக்கு இசைவளித்தது. நபார்டு வங்கி வாயிலாக நடைபெறும் இத்திட்டத்தில் நம் மாநிலத்துச் சங்கங்களும் சேர்ந்துள்ளன. ஆகவே இனிப் பேரேடு நம் ஊர்ச் சங்கத்தின் இரும்பு அலமாரியில் இராது. தொலைதூரத்தில் உள்ள ஒரு மத்திய யந்திரத்தில் இருக்கும். அதற்கே சர்வர் என்று பெயர்.

இச்சொல் நமக்குப் புதிதன்று. உணவு விடுதியில் பரிமாறுபவரையும் நாம் சர்வர் என்றே அழைக்கிறோம். இரண்டுக்கும் தொழில் ஒன்றே என்பதையும் காண்க. நாம் மேஜையில் அமர்ந்து தோசை வேண்டும் என்கிறோம். சர்வர் உள்ளே சென்று அடுக்களையில் சொல்லி, ஆனதைக் கொண்டுவந்து வைக்கிறார். அடுக்களைக்குள் நாம் நுழைவதில்லை. சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஓர் அங்கத்தினரின் எண்ணைத் தட்டினால், அக்கேள்வி கம்பி வழியே மத்திய யந்திரத்தை அடைகிறது. அது தன் பின்னாலுள்ள தகவல் களஞ்சியத்திலிருந்து அவரது கணக்கை எடுத்துத் திருப்பி அனுப்புகிறது. தோசை வராத காரணம் பலவாகலாம். சர்வர் நம்மைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அடுக்களையில் மாவு தீர்ந்திருக்கலாம். கூட்டம் மிகுதியாக இருக்கலாம். நாம் உட்கார்ந்த மேஜையே கடைக்கு உரியதாக இல்லாமலும் இருக்கலாம்! இவை யாவற்றையும் "சர்வர் டவுன்" என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவதுதான் நம்மிடமுள்ள முதற் குறை.

பழுது எங்கே?

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் அனுபவமுள்ள விவசாயி நேராகத் தேக்கடி மதகைப் பார்க்க ஓடமாட்டார். தம் வயல் வரப்பிலிருந்து மேல்நோக்கி நடப்பார். வயல் மடை அடைபட்டுள்ளதா, பக்கத்து வயலுக்குப் பாய்கிறதா, கிளை வாய்க்காலில் உடைப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வார். பக்கத்து வயலில் தண்ணீர் ததும்பி நின்றால், மேலே யாவும் சரியாக உள்ளன, குற்றம் தம் மடையில்தான் என்பதை மறுகணமே அறிந்துகொள்வார். கம்ப்யூட்டர்ப் பழுதையும் இம்முறையிலேயே அணுகவேண்டும்.

முதற் கேள்வி, "நமக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்பதாகும். சங்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருப்பின், மற்றொன்றில் அதே அலுவல் நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். நடந்தால், மத்திய யந்திரத்தைக் குறை கூற இடமில்லை. இரண்டிலும் நடக்கவில்லையெனில் பக்கத்துச் சங்கத்தின் காரியதரிசிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பது நலம். சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் ஆண்டிபட்டியிலும் ஒரே நேரத்தில் நின்றுபோயிருந்தால், நாம் மேஜைக்கடியில் குனிந்து கம்பிகளைப் பிடுங்கிச் சொருகுவது வீண் வேலை. அங்கெல்லாம் நடந்து நம்மிடம் மட்டும் நின்றிருந்தால், உதவி நிலையத்தின் மீது சினங்கொள்வது வீண் வேலை.

அடுத்து, பாதையைச் சோதிக்கவேண்டும். பொது மென்பொருளை விட்டு, வேறு ஏதேனும் ஓர் அரசாங்க இணையதளத்தைத் திறந்து பார்த்தால் போதும். அதுவும் திறக்காவிடில் இணைய இணைப்பில் கோளாறு. அப்போது செல்போனின் இணைய வசதியை ஐந்து நிமிடம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அதன் வழியே எல்லாம் நடந்தால், கம்ப்யூட்டரும் நலம், மத்திய யந்திரமும் நலம். மோடமோ, தெருக் கம்பியோதான் குற்றவாளி என்பது வெளிப்படை. உர விற்பனைக்கு நாம் பயன்படுத்தும் பி.ஓ.எஸ். கைக்கருவியும் இங்கே நல்ல சாட்சியாகும். அது தன் சொந்த சிம் அட்டையின் வழியே வேறொரு சர்வரிடம் பேசுகிறது. ஆதலால் கைக்கருவி நின்று கடன் கணக்கு நடப்பதும், கடன் கணக்கு நின்று கைக்கருவி நடப்பதும் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதி, உரம் வாங்க வந்தவரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

"நமக்கு மட்டுமா, எல்லாருக்குமா" என்னும் இச்சோதனையின் அருமையை நம் மாவட்டத்தில் வேறெவரையும்விடப் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகள் அறிவர். (காய்க்கும் ஏலம் என்று பெயர், விற்கும் முறைக்கும் ஏலம் என்று பெயர். பின்னது போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல்.) வாய்மொழியாக நடந்துவந்த அவ்விற்பனை, நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் 2007-ஆம் ஆண்டு முதல் மின்னணு ஏலமாயிற்று. ஒவ்வொரு வியாபாரியும் தம் முன்னுள்ள கருவியில் விலையைத் தட்ட, அது திரையில் தோன்றுகிறது. 2021-ஆம் ஆண்டில் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் உள்ளவர்கள் ஒரே ஏலத்தில் ஒருங்கே கலந்துகொள்ளும் வகையில் அது மாற்றியமைக்கப்பட்டது. இத்தகைய கூடத்தில் ஒருவர் கருவி மட்டும் நின்றால் அவரது கருவியைப் பார்க்கவேண்டும். கூடம் முழுவதும் நின்று புத்தடியில் நடந்தால் போடியின் இணைப்பைப் பார்க்கவேண்டும். இரு ஊர்களும் சேர்ந்து நின்றால்தான் மத்திய யந்திரத்தைப் பற்றிய பேச்சே எழவேண்டும். சில விநாடிகளில் விலை கைமாறும் இடமாதலால், அங்கே இதைக் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியாது.

திரை சொல்லும் செய்தி

பழுது நேரும்போது திரையில் ஒரு செய்தி தோன்றும். அதைப் படிக்காமலே மூடிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. நோயாளி தன் வலியைச் சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்வதற்கு ஒப்பான செயல் இது. செய்தி ஆங்கிலத்தில் இருப்பதால் அஞ்சவேண்டுவதில்லை. அதிலுள்ள மூன்றிலக்க எண்ணைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 4-இல் தொடங்கும் எண், கேட்டவர் பக்கத்துக் குறையைக் குறிக்கும். 401 என்றால் நாம் யார் என்பதை யந்திரம் ஏற்கவில்லை. 403 என்றால் நம்மை அறிந்தும் அவ்வேலைக்கு அனுமதி தரவில்லை. 404 என்றால் நாம் கேட்ட பக்கம் அங்கில்லை, பெரும்பாலும் முகவரியைத் தவறாகத் தட்டியிருப்போம். 5-இல் தொடங்கும் எண், பதில் சொல்லும் பக்கத்துக் குறை. 500 என்பது உள்ளே ஏதோ முறிந்ததையும், 503 என்பது தற்காலிகமாகச் சேவை தரவியலாத நெருக்கடியையும், 504 என்பது இடையிலுள்ள யந்திரம் உள்ளிருந்து விடை வராமல் காத்துச் சலித்ததையும் காட்டும். 5-ஐக் கண்டால் நம் கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாமல், எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு முறைப்படி புகார் அனுப்புவதே செய்யத்தக்கது.

இணைப்பு பாதுகாப்பானது அன்று என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்து, உள்ளே போகவே இடந்தராமல் திரை மறித்து நிற்பதும் உண்டு. கிராமப்புற அலுவலகங்களில் இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது மிகச் சிறிய ஒரு பொருள். கம்ப்யூட்டரின் உள்ளே, மின்சாரம் இல்லாதபோதும் தேதியையும் மணியையும் நினைவில் வைத்திருக்கும் பொருட்டு, ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்டப் பாட்டரி ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளில் அது வலுவிழந்துவிடும். அதன்பின் விடுமுறை கழித்துக் கம்ப்யூட்டரை இயக்கினால், அது பல்லாண்டுகளுக்கு முந்திய ஏதோ ஒரு தேதியைக் காட்டிக்கொண்டு எழும். சர்வர் தன் அடையாளத்துக்காகக் காட்டும் சான்றிதழில், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது. கம்ப்யூட்டரின் கணக்குப்படி அந்நாள் இன்னும் பிறக்கவேயில்லை! ஆகவே அது சான்றிதழைப் போலி எனக் கருதி மறுக்கிறது. திரையின் மூலையிலுள்ள தேதியை ஒரு முறை பார்த்திருந்தால், சொற்ப விலையுள்ள பாட்டரியில் முடிந்திருக்கவேண்டிய காரியம் இது. தேதியைத் திருத்தாமல் எச்சரிக்கையை மீறி உள்ளே செல்ல வழி தேடுவோர் உண்டு. அது கூடவே கூடாது. உண்மையிலேயே போலித் தளம் வந்து நிற்கும் நாளில் அப்பழக்கம் சங்கத்தின் பணத்தைக் கொண்டுபோய்விடும்.

இரண்டாம் முறை அழுத்துதல்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையில் மிகவும் கவனிக்கத்தக்கது. அங்கத்தினர் 20,000 ரூபாய் செலுத்துகிறார். எழுத்தர் தொகையைத் தட்டி, பதிவுப் பொத்தானை அழுத்துகிறார். திரை அசைவற்று நிற்கிறது. ரசீது வரவில்லை. எழுத்தரின் விரல் தானாகவே அப்பொத்தானை மீண்டும் நாடுகிறது. இங்கேதான் நிற்கவேண்டும். ஏனெனில் விடை வராமற்போனதற்கு இரண்டு பொருள் உண்டு. நம் கேள்வி போய்ச் சேராதிருக்கலாம். அல்லது அது போய்ச் சேர்ந்து, பணமும் வரவு வைக்கப்பட்டு, விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். திரையைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாது. தோசை வரவில்லையென்று மறுமுறை சொன்னால் இரண்டு தோசையும் இரண்டு தோசைக்கான பில்லும் வருவது போல, ஒரு தொகை இருமுறை வரவாகிவிடக்கூடும். மாலையில் பெட்டியில் உள்ள ரொக்கம் கணக்கைவிட 20,000 குறைவாக இருக்கும். யார் மீது சந்தேகம் விழும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இது வெறுங் கற்பனையன்று. பிரிட்டனில் கிராம அஞ்சலகங்களை நடத்துவோருக்கு 1999-ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் தரப்பட்டது. ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்ற சிற்றூரின் பெயரால் அதன் ஒரு பிழை இன்று அறியப்படுகிறது. 2015-ஆம் ஆண்டில் அங்கே 8,000 பவுனை வரவு வைக்க முயன்றபோது திரை நின்றுவிட்டது. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்த, அதே தொகை பலமுறை வரவாயிற்று. இத்தகைய பிழைகள் அம்மென்பொருளில் வேறு பலவும் இருந்தன. கணக்கில் குறையும் தொகையை அஞ்சலகம் நடத்துவோர் தம் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பலர் சிறை சென்றனர். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்பதே அவர்களுக்கு எதிராக நின்ற பெருஞ்சாட்சி. மென்பொருளை நடத்தியவர்கள் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கில் கை வைக்க முடியும் என்ற உண்மை நெடுங்காலம் மறுக்கப்பட்டுவந்தது. 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் உண்டு எனத் தீர்ப்பளித்தது. 2024-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றி, இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துப் பகுதிகளில் இவ்வழக்குகளின் தண்டனைகளை ரத்துச் செய்தது. அதற்குள் எத்தனையோ பேர் மானம் இழந்தும், சிலர் உயிர் இழந்தும் போயிருந்தனர். நம் சங்கத்துக் காரியதரிசியும் அதே போல் ஒரு சிற்றூரில், தனியாக, பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்று உட்கார்ந்திருப்பவர் என்பதை மறத்தலாகாது.

எனவே திரை நின்றால் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். இணைப்பு மீண்டதும், முதலில் அந்த அங்கத்தினரின் கணக்கைத் திறந்து அன்றைய வரவு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏறியிருந்தால் ரசீதை மட்டும் மறுபடி அச்சிடலாம். ஏறவில்லை என்று உறுதியான பின்னரே மறுமுறை பதியலாம். இரட்டைப் பதிவு நேர்ந்துவிட்டாலோ, அதைத் தாமே அழிக்க முற்படாமல், மாற்றுப் பதிவின் மூலம் முறைப்படி நேர் செய்யக் கோரவேண்டும். அழிக்கப்பட்ட பதிவு பிற்காலத்தில் எதற்கும் சாட்சி சொல்லாது. பதிவில் உள்ளபடியே தகுதி அமையும் என்பதை 2021-ஆம் ஆண்டு ஐந்து பவுனுக்குட்பட்ட நகைக் கடன் தள்ளுபடியின்போது மாநிலம் முழுவதும் கண்டது. அப்போது சுமார் 48 லட்சம் கடன்களின் விவரங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராயப்பட்டே பயனாளிகள் பிரித்தெடுக்கப்பட்டனர்.

பழுதுக் குறிப்பேடு

40 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று, கம்ப்யூட்டர் மேஜையில் நூலால் கட்டப்பட்ட பேனாவுடன் இருக்கட்டும். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் மார்க் 2 என்னும் பெருங் கம்ப்யூட்டர் பிழை செய்தது. அதை நடத்தியவர்கள் தேடிச் சென்று, 70-ஆம் எண்ணுள்ள மின் இணைப்பானில் ஒரு விட்டிற்பூச்சி சிக்கியிருக்கக் கண்டார்கள். பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி, பிற்பகல் 3-45 மணி என்று நேரமும் எழுதினார்கள். அவ்வேடு இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சிக் கதையைப் பலரும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கோ, அதை எந்த இணைப்பானில், எத்தனை மணிக்குக் கண்டோம் என்று எழுதி வைத்த ஒழுங்கே பெரிதாகத் தோன்றுகிறது.

நம் ஏட்டில் எழுதவேண்டியவை அதிகமில்லை. "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று புகார் எழுதினால் உதவி நிலையத்தார் எதையும் அறிய முடியாது. மறுபடி நம்மையே பத்துக் கேள்விகள் கேட்பார்கள். "3-ஆம் தேதி காலை 11-10-க்குப் பயிர்க் கடன் வரவு பதியும்போது 504 என்ற செய்தி வந்தது. இரண்டு கம்ப்யூட்டரிலும் அவ்வாறே. செல்போன் இணைப்பிலும் அவ்வாறே. பக்கத்துச் சங்கத்திலும் அதே நிலை. 10-45 வரை நன்றாக நடந்தது" என்று எழுதினால், மத்திய யந்திரத்தைப் பார்ப்பவர் அந்த நிமிடத்துக்குரிய பதிவுகளை நேராகத் திறந்து பார்க்கலாம். ஏனெனில் சர்வரும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டேயிருக்கிறது. நம் ஏட்டின் மணியும் அதன் ஏட்டின் மணியும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில்தான் பழுது அகப்படும். "கடைசியாக என்ன மாறியது?" என்பதையும் மறவாமல் எழுதவேண்டும். நேற்று மோடத்தை இடம் மாற்றினோம், புதிய அச்சு யந்திரம் வந்தது, மென்பொருளில் புதுப் பதிப்பு ஏறியது என்பன போன்றவற்றில்தான் பெரும்பாலான பழுதுகளுக்கு விடை இருக்கிறது. கடவுச் சொல்லை மட்டும் எந்த ஏட்டிலும் எழுதலாகாது. உதவி செய்கிறேன் என்று தொலைபேசியில் அழைக்கும் முன்பின் அறியாதவருக்குத் திரையைத் திறந்துவிடுவதும் ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் மலைச் சரிவில் இடி முழங்கும்போது, மோடத்தின் மின் செருகியைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தல் நன்று. கண்ணாடி இழை வழியே மின்னல் பாயாது. ஆனால் மோடத்துக்கு வரும் மின்கம்பி வழியே பாயும். நில இணைப்புக் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றிவரவேண்டும். யூ.பி.எஸ். பாட்டரி பத்து நிமிடம் தாங்கினாலே, நடந்துகொண்டிருக்கும் பதிவை முடித்து ஒழுங்காக நிறுத்தப் போதும்.

இவையெல்லாம் செய்தும் பழுது உடனே தீராத நாட்கள் வரும். அந்நாளில் சங்கம் கதவை மூடவேண்டும் என்பதில்லை. வரிசை எண்ணிட்ட கையெழுத்து ரசீதுப் புத்தகம் ஒன்றை, மேலதிகாரிகளின் அனுமதியுடன் முன்கூட்டியே ஆயத்தமாக வைத்துக்கொள்ளலாம். கெடு நாளன்று வந்த அங்கத்தினரிடம் பணத்தைப் பெற்று, தேதியும் நேரமும் குறித்து ரசீது தரவேண்டும். அன்று மாலையே அவ்வரவுகளின் பட்டியலை மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளைக்கும் கூட்டுறவுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். மென்பொருள் முன்தேதியிட்டுப் பதிய இடந்தராவிடில், அங்கத்தினரின் வட்டிச் சலுகையைக் காக்க அக்கடிதமே ஆதாரமாகும். இணைப்பு மீண்டதும் ஒருவர் ரசீது எண்களை வரிசையாக வாசிக்க, மற்றவர் பதியட்டும். பதிந்த ஒவ்வொன்றுக்கும் அடிக்கட்டையில் ஒரு குறி இடவேண்டும். அடிக்கட்டைகளின் கூட்டுத் தொகை, கம்ப்யூட்டர் காட்டும் அன்றைய கூட்டுத் தொகை, பெட்டியிலுள்ள ரொக்கம் ஆகிய மூன்றும் ஒத்துவந்த பிறகு, இருவரும் குறிப்பேட்டில் கையொப்பமிட்டு நேரத்தையும் எழுதி வைக்கலாம்.